சூனியக்காரி வேடம் யாருக்கு? பாடசாலை மேடையும் மதம் சொல்லும் மறுப்பும்

கற்பனைக் கதையொன்றை மேடையேற்றும்போது ஒரு பெற்றார் மதத்தின் பெயரால் மறுப்புச் சொன்னால், பாடசாலையிலிருந்து பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, "இந்தக் காலத்திலயும் இப்படியா?" என்ற சலிப்பு. மற்றது, வம்பே வேண்டாம் என்று நாடகத்தையே கைவிட்டுவிடுவது. இரண்டும் பிள்ளைகளுக்கு நல்லதில்லை. முதலாவது ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டாவது ஒரு வகுப்பு முழுவதிடமிருந்தும் ஒரு கதையைப் பறிக்கிறது. மறுப்பு எங்கிருந்து வருகிறது, சரியாக எதை மறுக்கிறது என்று விளங்கிக்கொண்டால் இந்த இரண்டுக்கும் நடுவில் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

திருகோணமலையில் இதைப் பேசாமல் தீராது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் சுமார் 40 சதவீதத்தினர் முஸ்லிம்கள். இந்துக்களும் பௌத்தர்களும் ஏறத்தாழக் கால்வாசி கால்வாசி. மிச்சம் கத்தோலிக்கரும் ஏனைய கிறிஸ்தவர்களும். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிஷன் பாடசாலைகளும் இந்துப் பாடசாலைகளும் பெரும்பாலும் அரசின் கைக்குப் போய்விட்டன. பெயரில் ஒரு புனிதரோ சைவத் தெய்வமோ இருந்தாலும், வகுப்பில் எந்த வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். சமயப் பாடத்துக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். அவரவர் சமயத்துக்கு அவரவர் ஆசிரியர். மேடைக்கு வரும்போது அந்தப் பிரிவு கிடையாது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் ஆங்கில தினப் போட்டிக்கும் சிறுவர் தினத்துக்கும் எல்லோரும் ஒரே நாடகத்தில்தான் நிற்க வேண்டும். 2018இல் ஆசிரியைகளின் அபாயா பற்றி நகரில் எழுந்த பிரச்சினை எவ்வளவு தூரம் போனது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். பெரியவர்களின் உடைக்கே அந்தப் பாடு என்றால், பிள்ளைக்கு நாம் போட்டுவிடும் வேடத்தை இன்னும் கவனமாகப் பார்க்கத்தான் வேண்டும்.

அதிகம் எழுதப்பட்டதும் அதிகம் வழக்காடப்பட்டதும் கிறிஸ்தவ மறுப்புத்தான். அதன் வேர் விவிலியத்தின் உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. குறிசொல்லுகிறவனும், நாள்பார்க்கிறவனும், அஞ்சனம் பார்க்கிறவனும், சூனியக்காரனும், மந்திரவாதியும் உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம் என்கிறது அந்தப் பகுதி. ஞாயிறு பாடசாலையில் இதைப் படித்த பிள்ளை, திங்கட்கிழமை கூம்புத் தொப்பியும் மந்திரக்கோலுமாக நின்றால் தாய்க்கு ஏற்படும் சங்கடம் உண்மையானது. அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்தார் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். அவற்றின் பெறுமதி 50,000 வெள்ளிக்காசு என்றும் கணக்குச் சொல்லப்படுகிறது. இந்த வசனத்தைக் கதைப் புத்தகங்களுக்கு எதிராகவும் எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. எபேசில் எரித்தவர்கள் அந்த வித்தையைத் தாங்களே செய்துவந்தவர்கள். அவர்கள் எரித்தது தங்கள் தொழில் நூல்களை.

ஹாரி பாட்டர் வரிசையின் முதற் புத்தகம் 1997இல் வந்த பிறகு இந்த வாதம் உலகெங்கும் பெரிதாகியது. 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களிலும் பாடசாலைகளிலும் அதிக மறுப்பைச் சந்தித்த நூல்களின் பட்டியலில் அமெரிக்க நூலகச் சங்கம் முதலிடத்தில் வைத்தது அந்த வரிசையைத்தான். 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகோர்டோ என்ற ஊரில் ஒரு சபையார் அவற்றைத் தீயிலிட்டார்கள். 2019இல் நாஷ்வில் நகரக் கத்தோலிக்கப் பாடசாலையொன்றில் பங்குத்தந்தை அவற்றை நூலகத்திலிருந்து எடுப்பித்தார். அதில் வரும் மந்திரங்களும் சாபங்களும் உண்மையானவை, வாசித்தால் தீய ஆவிகள் வரக்கூடும் என்பது அவர் சொன்ன காரணம்.

இதை மட்டும் கேட்டால் கிறிஸ்தவம் கற்பனைக்கே பகை என்று தோன்றலாம். நார்னியா கதைகளை எழுதியவர் கிறிஸ்தவத்துக்காக வாதாடி நூல்கள் எழுதிய விசுவாசி. மோதிரங்களின் உலகத்தைப் படைத்த டோல்கீன் உறுதியான கத்தோலிக்கர். இறைவனால் படைக்கப்பட்ட மனிதன் தானும் ஒரு சிறு உலகத்தைப் படைப்பது இயல்பு என்று கட்டுரையே எழுதினார். நம்முடைய கத்தோலிக்க ஊர்களில், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்துக்கு யூதாஸ் வேடம் கட்ட ஒருவர் வேண்டும். கட்டியவரை நாடகம் முடிந்த பிறகு யாரும் துரோகி என்று அழைப்பதில்லை. தீயவனாக நடிப்பது தீயவனாவது ஆகாது என்ற தெளிவு அந்த மரபில் எப்போதோ வந்துவிட்டது. அந்தக் கூத்து மரபோடு தொடர்பில்லாத புதிய எழுப்புதல் சபைகளில்தான் மறுப்பு வலுவாக இருக்கிறது. ஒரே வகுப்பில் இரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகளின் வீடுகள் நேரெதிராக நினைக்கலாம். "கிறிஸ்தவப் பிள்ளைகள் இதில் வேண்டாம்" என்று ஓர் ஆசிரியை தானாக முடிவெடுத்தால் அதில் ஒரு வீட்டுக்கு அநியாயம் நடக்கிறது.

அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் போன வழக்குகளில் மூன்று நமக்கு மிகவும் உதவும். அங்குள்ள அரசியலமைப்பு வேறு, தீர்ப்பும் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த நீதிபதிகள் கேட்ட கேள்வி நமக்கும் உரியது.

முதலாவது, டென்னசி மாநிலத்தின் ஹாக்கின்ஸ் மாவட்ட வழக்கு. ஆரம்ப வகுப்பு வாசிப்புப் புத்தகங்களில் மந்திரம், நல்ல சூனியக்காரி, மனதால் பேசுதல் எல்லாம் வருகின்றன என்று சில பெற்றார் 1983இல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வேதத்தின் எல்லையைத் தாண்டிப் பிள்ளை கற்பனை செய்வதே பிழை என்பது வரை அவர்களில் ஒருவரின் சாட்சியம் போனது. 1987இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பாடசாலையின் பக்கம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் ஒன்றை வாசிக்கும்படி கேட்கப்பட்டார்களே தவிர, ஒன்றை நம்பும்படியோ மறுக்கும்படியோ, மதம் தடுக்கும் செயலைச் செய்யும்படியோ கேட்கப்படவில்லை என்பது அதன் காரணம்.

இரண்டாவது வழக்கு கலிபோர்னியாவின் வுட்லண்ட் நகரத்திலிருந்து வந்தது. அங்கு பெற்றார் இன்னும் கூர்மையாகக் கேட்டார்கள். வாசிப்பு வேறு, இங்கே பிள்ளைகளைச் சூனியக்காரிகளாக நடிக்கவும் மந்திரப் பாட்டுக் கட்டிச் சொல்லவும் வைக்கிறீர்கள், அது சடங்கு ஆகிவிடாதா? சுமார் 10,000 பகுதிகள் கொண்ட ஒரு வாசிப்பு வரிசையில் 32 பகுதிகளைத்தான் அவர்கள் சுட்டினார்கள். 1994இல் நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. பார்க்கிறவருக்கு அது வகுப்பறைப் பயிற்சியாகத்தான் தெரியும், வழிபாடாகத் தெரியாது என்றது. பெற்றார் தோற்றார்கள். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விதான் இந்த விடயத்தின் நடு நரம்பு என்று நான் நினைக்கிறேன். கதையைக் கேட்பது ஒன்று. அதைப் பிள்ளையின் வாயாலும் உடம்பாலும் செய்யவைப்பது இன்னொன்று. எந்த மதத்தை எடுத்தாலும் வாய் என்ன சொன்னது, கை என்ன செய்தது, தலை யாருக்குக் குனிந்தது என்பதற்குத் தனிக் கனம் உண்டு. பாடசாலை மேடை தொடுவது அந்த இடத்தைத்தான். நூலகப் புத்தகத்துக்கு எழாத மறுப்பு நாடகத்துக்கு எழுவதற்குக் காரணம் இது.

மூன்றாவது, 2003இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் சீடர்வில் ஊரில் தீர்ந்த வழக்கு. பெற்றார் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் பிள்ளைக்கு ஹாரி பாட்டர் புத்தகம் இரவல் தரலாம் என்று பாடசாலைச் சபை விதித்திருந்தது. நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது. கையெழுத்துக் கேட்பதே பிள்ளைமேல் ஒரு முத்திரை குத்துவதாகும் என்பது அதன் கவலைகளில் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பிரச்சினை வந்ததும் நம் அதிபர்களுக்கு முதலில் தோன்றுவது ஒப்புதல் கடிதம்தான்.

வுட்லண்ட் நீதிமன்றத்தின் பதிலை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுவர முடியாது. கலிபோர்னியப் பிள்ளைக்குச் சூனியக்காரி என்றால் துடைப்பத்தில் பறக்கும் கிழவி. நம் பிள்ளைக்குச் சூனியம் பக்கத்து வீட்டுச் செய்தி. யாருக்கோ செய்வினை வைத்துவிட்டார்கள், வாசலில் வெட்டிய தேசிக்காய் கிடந்தது, காய்ச்சல் விடவில்லை என்று நூல் கட்டினார்கள், நாவூறு கழித்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்கிற பிள்ளை அது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் இதில் குறைவு. நம்புகிறவரும் பயப்படுகிறார், அதைப் பாவமென்று விட்டு விலகியவரும் பயப்படுகிறார். அப்படியொரு பழக்கத்திலிருந்து விடுபட்டுச் சபைக்கு வந்த ஒரு தாய்க்கு, தன் மகள் மேடையில் பொம்மையில் ஊசி குத்துவது விளையாட்டாகத் தெரியாது. அவர் சொல்வதை "மூடநம்பிக்கை" என்று தட்டிவிடுவது அநியாயம். அந்தப் பழக்கத்தை விட்டு வந்தவர் அவர்தான்.

முஸ்லிம் பெற்றாரின் மறுப்பை ஆசிரியர்கள் பெரும்பாலும் தவறாக ஊகிக்கிறார்கள். இஸ்லாத்தில் சூனியம் கடுமையாக விலக்கப்பட்டது என்பது உண்மை. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 102ஆம் வசனம் அதைச் சொல்கிறது. 113ஆம் அத்தியாயம், பிள்ளைகள் மனனம் செய்கிற சிறிய சூறா, முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடுகிறது. ஆனால் பேசும் மிருகமும் பறக்கும் குதிரையும் அதனாலேயே விலக்கு என்று முடிவுகட்ட முடியாது. அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, உண்டு. நபிகளின் மனைவி ஆயிஷா நாயகியின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவில் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபிகள் கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா திருப்பிக் கேட்டார். நபிகள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் கிஸ்ஸா என்ற கதை நூல்களும் படைப்போர் என்ற போர்க் கதைகளும் நிறைய இருக்கின்றன. சீறாப்புராணத்தில் மானுக்காக நபிகள் பிணை நிற்கிறார்கள், உடும்பு பேசுகிறது. கதைக்கு அங்கே தாராளமாக இடம் இருந்திருக்கிறது.

அப்படியானால் தாய்மார் எதைச் சொல்கிறார்கள்? "டீச்சர், மகள் டான்ஸ் ஆட ஏலாது" என்பார் ஒருவர். இன்னொருவருக்கு இசைக்கருவி பிரச்சினை. நபிமாரை வேடம் கட்டிக் காட்டுவதை யாரும் ஏற்கமாட்டார்கள். மிக முக்கியமானது, பலர் கவனிக்கத் தவறுவது, விழுந்து வணங்கும் காட்சி. அரசகதை நாடகத்தில் குடிமக்கள் அரசன் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள், வனதேவதை முன் கைகூப்புவார்கள். இயக்குகிற ஆசிரியைக்கு அது வெறும் மேடை அசைவு. இறைவனுக்கு மட்டும் தலை தாழ்த்தப் பழகிய பிள்ளைக்கு அப்படி இல்லை. அந்தப் பிள்ளை நெஞ்சில் கைவைத்து நின்றால் கதைக்கு ஒரு குறையும் வராது. பறக்கும் கம்பளத்தை நீக்கிவிட்டு, விழுந்து வணங்கும் காட்சியை மட்டும் வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை.

சைவ வீடுகளில் எழும் மறுப்பு வேறு திசையில் வருகிறது. அங்கே மந்திரவாதி வேடம் பெரிய சிக்கல் இல்லை. தெய்வத்தைக் கற்பனைப் பாத்திரங்களோடு சேர்ப்பதுதான் உறுத்தும். நியூயோர்க் மாநிலத்தின் பெட்போர்ட் பாடசாலை மாவட்டத்தில் 1990களில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பெற்றார் சிலர் தொடுத்த அந்த வழக்கில் மாயாஜாலச் சீட்டு விளையாட்டுக் கழகமும் இருந்தது, பிள்ளையார் கதையும் இருந்தது. இந்தியாவைப் பற்றிய பாடத்தில் பிள்ளையாரின் கதையைச் சொல்லி, உருவமும் செய்யவைத்திருந்தார்கள். 1999இல் மாவட்ட நீதிமன்றம் சீட்டு விளையாட்டில் மதமில்லை என்றது. கதை வாசிப்பதையும் ஏற்றது. தெய்வ உருவத்தைச் செய்யவைப்பதை மட்டும் தடுத்தது. 2001இல் மேன்முறையீட்டில் அந்தத் தடை நீங்கினாலும், வாசிப்பையும் செய்வதையும் அந்த நீதிபதி பிரித்த விதம் கவனிக்கத்தக்கது. நம்மூர்ப் பெற்றார் அந்தப் பட்டியலைப் பார்த்தால் முதலில் கேட்கக்கூடிய கேள்வி வேறு: சீட்டுக்கட்டு அரக்கர்களோடு எங்கள் பிள்ளையாரை ஏன் வைத்தீர்கள்?

இந்தக் காயம் பழையது. 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையிலும் மிஷன் துண்டுப் பிரசுரங்களிலும் புராணங்கள் கட்டுக்கதைகள் என்று தாக்கப்பட்டன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவை கேடு என்ற வாதம் அன்று மிஷன் பக்கத்திலிருந்து வந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், 1854இல் சைவதூஷண பரிகாரம் என்ற நூலில் விவிலியத்திலிருந்தே மேற்கோள் காட்டிப் பதில் எழுதினார். நீங்கள் எங்களிடம் குறையாகக் காண்பது உங்கள் வேதத்திலும் இருக்கிறதே என்பது அவர் வாதத்தின் சாரம். ஒருவரின் வேதத்தை மற்றவர் கட்டுக்கதை என்று சொல்லிப் பாடசாலை வைத்த வரலாறு நம்முடையது. அதனால்தான் "இது வெறும் கதைதானே" என்று ஓர் ஆசிரியர் சாதாரணமாகச் சொன்னாலும் சில வீடுகளில் அது சாதாரணமாகக் கேட்பதில்லை.

திருகோணமலையில் இராவணனை மேடையேற்றுகிறவர்கள் இதை நன்றாக உணர்வார்கள். கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கிறது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் தாயின் அந்திமக் கிரியைக்காக அவன் தோண்டியவை என்று சொல்லப்படுகிறது. அந்தக் கதையை ஒட்டி இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யும் வழக்கமும் அங்கு வந்தது. சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணனை நினைப்பது வழக்கம். கோணமாமலைப் பதிகத்திலும் அப்படித்தான். 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் முதல் செய்மதிக்கும் அவன் பெயர்தான். இப்படிப்பட்ட ஒருவனை அட்டையில் வெட்டிய பத்துத் தலையோடு கோமாளி அரக்கனாக ஆடவிட்டால் சபையில் சிரிப்பவர்களும் இருப்பார்கள், முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். சிலருக்கு அவன் சிவபக்தன், சிலருக்கு வரலாறு, சிலருக்கு நல்ல கதை. எது சரி என்று பாடசாலை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எடுக்கும் பாத்திரம் யாரோ ஒருவருடைய வழிபாட்டுக்குள் நிற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம்.

சட்டம் இதற்கு வழிகாட்டுகிறது, ஆனால் பாதி தூரம்தான். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதி செய்கிறது. 14ஆம் உறுப்புரை மதத்தை வழிபாட்டிலும் கைக்கொள்ளலிலும் வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை பிள்ளையின் மதச் சுதந்திரத்தையும் பெற்றாரின் வழிகாட்டலையும் சொல்கிறது. 31ஆம் உறுப்புரை விளையாட்டுக்கும் கலைக்கும் பிள்ளைக்குள்ள உரிமையைச் சொல்கிறது. தரம் 4 நாடகத்தில் யார் ஓநாய் என்பதற்கு இவற்றில் பதில் தேட முடியாது. அதை அதிபரும் ஆசிரியையும் பெற்றாரும் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

பேசும் நேரம் முக்கியம். வேடம் கொடுத்து, ஒத்திகை தொடங்கி, உடுப்புத் தைத்த பிறகு தெரியவந்தால் எந்த மறுப்பும் சண்டையாக மாறும். கதை தெரிவான அன்றே ஒரு சிறு குறிப்பை எல்லா வீட்டுக்கும் அனுப்பலாம்: கதை இது, பாத்திரங்கள் இவை, பிள்ளைகள் செய்யவேண்டியது இது. கையெழுத்துக் கேட்க வேண்டாம். எதுவும் சொல்ல விரும்பினால் வந்து பேசுங்கள் என்றால் போதும். வந்தவரிடம் "உங்கட சமயத்தில இது பிழையா?" என்று கேட்பதைவிட "எந்தக் காட்சி உங்களுக்குச் சங்கடமா இருக்கு?" என்று கேட்பது பலன் தரும். முதல் கேள்விக்கு அவர் தன் முழுச் சமூகத்துக்காகவும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவதற்குத் தன் பிள்ளைக்காக மட்டும் சொன்னால் போதும். பெரும்பாலான சங்கடங்கள் ஓர் அசைவு, ஒரு வரி, ஒரு உடுப்பு என்ற அளவில்தான் இருக்கும். உண்மையான மந்திரமோ, ஓதலோ, தேவாரமோ, ஜெபமோ மாயாஜாலக் காட்சிக்குள் வரக்கூடாது. பொருளில்லாத ஒரு சொற்கோவையைப் பிள்ளைகளே கட்டட்டும். அதில் அவர்களுக்கு மகிழ்ச்சியும் அதிகம்.

அப்படியும் ஒரு வீடு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் விலகிய பிள்ளையைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. கதைசொல்லியாக, ஒளியமைப்பாளராக, மேடைப் பொறுப்பாளராக, பெயர் அறிவிக்கப்படும் ஒரு வேலை அந்தப் பிள்ளைக்கு வேண்டும். ஏன் விலகியது என்று வகுப்பின் முன் ஒரு வார்த்தையும் வரக்கூடாது. மறுபுறம், ஒரு வீட்டின் மறுப்புக்காக மற்ற நாற்பது பிள்ளைகளின் நாடகத்தை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். தன் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றாருக்கு உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளை எதைக் கேட்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. இது அதிபர்கள் உறுதியாக நிற்க வேண்டிய இடம். பெரும்பான்மையாக உள்ள சமூகத்திலிருந்து மறுப்பு வரும்போது அது இன்னும் அதிகம் தேவைப்படும்.

கடினமானது ஒன்று மிஞ்சுகிறது. வீடு வேண்டாம் என்கிறது, பிள்ளை நடிக்க ஆசைப்படுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இது அடிக்கடி வரும். சமவாயம் பெற்றாரின் வழிகாட்டலை மதிக்கும்போதே, பிள்ளையின் முதிர்ச்சிக்கு ஏற்ப அது மாறவேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் ஒத்திகைக்கு வா என்று அழைக்கிற ஆசிரியர் அந்தப் பிள்ளையை இரண்டு பக்கமும் பொய் சொல்லத் தள்ளுகிறார். அதை எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. தாயையும் தகப்பனையும் ஒத்திகைக்கு வரச்சொல்லலாம். பின் வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் பார்க்கட்டும், பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் இந்த முறைக்கு அதுவே முடிவு. அடுத்த தவணை நாடகத்துக்குக் கதை தேடும்போது அந்தத் தாயையும் கேட்கலாம், சின்ன வயதில் அவர் கேட்ட கதை எது என்று.